முப்பத்தெட்டு பொத்தான்கள்

அந்தத் தையல் பட்டறையில் வருடத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் சுற்றுலா. முப்பத்தெட்டு பேரில் யார் பக்கத்தில் யார் உட்காருவது, எந்த அறையில் யார் படுப்பது என்று முடிவு செய்வது சின்னவள். யாரும் அவளிடம் ஒப்படைக்கவில்லை. முதல் வருடம் ஜன்னலோரத்துக்காக நடந்த கூத்தைப் பார்த்துவிட்டு அவளாகவே இழுத்துப் போட்டுக்கொண்டாள். அதே பட்டறையில் காலர் தைக்கும் அவளுடைய அக்கா பெரியவளுக்கு அதில் உள்ளூரப் பெருமை. வெளியே மட்டும், "உனக்கு வேற வேலையே இல்லையாடி?" என்பாள்.

துணி வெட்டும் மேசையில் மிஞ்சிய அட்டையில் சின்னவள் பேருந்தை வரைவாள். பின்பக்கத்தில் விடுதி அறைகள். ஆளுக்கொரு பொத்தான், அடியில் பெயர். பச்சை என்றால் வாந்தி எடுப்பவர், முன்பக்கம், ஜன்னலோரம். வெள்ளை என்றால் முழங்கால் வலி. காலை நீட்ட நடைபாதை ஓரம். சிவப்பு இரண்டும் பேச்சை முறித்துக்கொண்ட ஓரகத்திகள். நடுவே நான்கு வரிசை இடைவெளி. கறுப்பு, குறட்டை. மறந்துவிடக் கூடாதென்று அத்தனையையும் அட்டையின் மூலையில் பென்சிலால் எழுதியும் வைத்திருந்தாள்.

அதுதான் வினையாகிவிட்டது. இந்த வருடம் அட்டையைப் பொத்தான் தைக்கும் இயந்திரத்தின் மேலேயே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். கட்டிங் மாஸ்டர் எடுத்துப் படித்தார்.

"கடைசி ரூம்ல ஒத்தைக் கறுப்பு! இஸ்திரிம்மா, உங்க மோட்டாருக்குத் தனி ஷெட்டே போட்டுட்டா!"

பட்டறையே சிரித்தது. இஸ்திரி போடும் அம்மா சிரிக்கவில்லை. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "நான் வரல. எல்லாரும் நிம்மதியாத் தூங்குங்க" என்றாள். வருடம் முழுக்க அவள் வீட்டையும் பட்டறையையும் விட்டு வெளியே போவது இந்த இரண்டு நாள்தான்.

இடைவேளையில் சின்னவள் அட்டையோடு இஸ்திரி மேசைக்குப் போனாள். பெரியவள் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"தப்பு என்னோடதும்மா. எல்லார் தூக்கத்தையும் யோசிச்சேன், உங்க மனச யோசிக்கல."

"அதான் ஊரே சிரிச்சாச்சே."

சின்னவள் தன் பொத்தானைக் கடைசி அறைக்கு நகர்த்தினாள்.

"நீ ஊசி விழுந்தாலே முழிச்சுக்குவியாமே? உங்கக்கா சொல்லியிருக்கா."

"அவ ஆயிரம் சொல்லுவா. நீங்க வர்றீங்களா, இல்ல நானும் நின்னுடட்டுமா?"

"பாரேன், மிரட்டுறா!" என்றாள் இஸ்திரிம்மா. ஆனால் வந்தாள்.

இரண்டாம் நாள் காலை, விடுதி வாசலில் சின்னவளின் கண்கள் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தன.

"தூக்கமெல்லாம் எப்படி?" என்று கட்டிங் மாஸ்டர் வாயைக் கிளறினார்.

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன் மாஸ்டர்."

இஸ்திரிம்மா அவள் முகத்தையே பார்த்தாள்.

பேருந்து கிளம்பிப் பத்தே நிமிடத்தில், முன்வரிசையில் மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னவளின் தலை தொங்கி ஆடியது. பின்வரிசையிலிருந்து இஸ்திரிம்மா எழுந்து வந்தாள்.

"மாஸ்டர், எந்திரிங்க. என் சீட்டுக்குப் போங்க."

"பின்னாடியா? எனக்கு வாந்தி வருமேம்மா!"

"வந்தா பாத்துக்கலாம். மொதல்ல எந்திரிங்க."

சின்னவள் போட்ட ஏற்பாடு முதல்முறையாகக் கலைந்தது. இஸ்திரிம்மா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். யாராவது குரலை உயர்த்தினால் திரும்பி ஒரு முறை முறைத்தாள்.

அருவி வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். பெரியவள் மட்டும் படியில் நின்று, "எழுப்பட்டுமாம்மா? நீங்களும் பாக்கணுமே" என்றாள்.

இஸ்திரிம்மா மரத்துப்போன தோளை அசைக்காமல், "சத்தம் போடாத. அந்த ஸ்கிரீனை இழுத்துவிட்டுப் போ, பிள்ள மேல வெயில் படுது" என்றாள்.