பவர் வந்த பிறகு

1. மணவாள நகரில் கம்பெனி பஸ் கிளம்பியதும் டிரைவர் அண்ணன் சூப்பர் ஹீரோ படம் போடுவார். எல்லாம் தமிழ் டப்பிங்.
2. ஹீரோவுக்குச் சக்தி வந்து, அவன் முதன்முறை பறக்கும் நேரத்தில் கும்மிடிப்பூண்டியில் கம்பெனி கேட் வந்துவிடும்.
3. மாலையில் எல்லோரும் தூங்குவதால் படம் கிடையாது. மறுநாள் வேறு படம்.
4. அந்த வருடம், என் பக்கத்து சீட் அக்கா லைன் லீடர் ஆனார்.

நான் அப்போது டிப்ளமோ முடித்த மெயின்டனன்ஸ் டிரெய்னி. அக்கா என்னைவிடச் சற்றே மூத்தவர். பேக்கிங்கில் கான்ட்ராக்டில் சேர்ந்து, இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷின் பழகி மேலே வந்தவர். நோட்டீஸ் போர்டில் பெயர் வந்த அன்று பஸ்ஸே கூச்சலிட்டது. "அக்காவுக்கு பவர் வந்துட்சுடி, இனிமே பறக்கும் பாரு!" என்றாள் பின்சீட்டுப் பெண். எனக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. எல்லாப் படங்களிலிருந்தும் பாதியில் இறங்கியவள் நான். சக்தி வந்த பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

அந்த வாரமே ஒரு பிரஸ்ஸில், கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்தும் சென்சார் பழுதானது. சென்சாரைத் துண்டித்துவிட்டு ஓட்டுவது அங்கே வழக்கம். அக்காவும் அப்படி ஓட்டியவர்தான். அன்று மெஷினில் இருந்தது பின்சீட்டுப் பெண். அக்கா லைனை நிறுத்திவிட்டார்.

"நேத்து வரைக்கும் நீயும் இப்டித்தானம்மா ஓட்டின?" என்றார் சூப்பர்வைசர்.

"நேத்து நிறுத்துற எடத்துல நான் இல்ல சார்."

புது சென்சார் வந்து நான் மாட்டி முடிக்க இரண்டு நாளானது. லைனில் இருந்த அத்தனை பேருக்கும் அந்த மாத இன்சென்டிவ் பணம் போயிற்று. பின்சீட்டுப் பெண் கேன்டீனில் எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "என் கைய நான் பாத்துக்க மாட்டனா? உன்ன யாரு கேட்டா? லீடர் ஆனதும் இன்னா பந்தா காட்டிக்கினு கீற?" அக்கா சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் காலை வழியில் புதுவாயலில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட, பஸ் நகரவில்லை. படம் முதன்முறையாகப் பாதியைத் தாண்டி ஓடியது. ஹீரோ ஒருவனை அடித்தான், பிறகு இன்னொருவனை. கட்டடங்கள் சரிந்தன. கடைசியில் ஊரே கூடிக் கை தட்டியது. லைன் பெண்கள் தள்ளிப் போய் உட்கார்ந்ததில் எங்களைச் சுற்றி நான்கு சீட் காலி. அக்கா வாய்விட்டுச் சிரித்தார்.

"இன்னா கைதட்டல் பாத்தியா? இவன் யாரு இன்சென்டிவையும் கட் பண்ணல போல."

புதிய சூப்பர் ஹீரோ படம் வந்தால் இப்போதும் போகிறேன். விபத்து, ஆய்வுக்கூடம், முதல் உடை, முதல் பறத்தல் எல்லாம் கவனமாக எடுத்திருப்பார்கள். அதற்குமேல் கதை இருக்காது, சண்டைதான். சக்தி வருவது அவனுக்கு நேர்கிற ஒன்று. அதை எதற்குப் பயன்படுத்துவது என்பதில்தான் அவன் யாரென்று தெரியும். அப்போது யாராவது நஷ்டப்படுவார்கள். அவர்களோடு அதே பஸ்ஸில் அவன் வீடு திரும்ப வேண்டும். அந்தப் பயணத்தைக் காட்டாத படம், எத்தனை மணி நேரம் ஓடினாலும் எனக்குப் பாதிப் படம்தான்.

அந்த மாதக் கடைசியில் அக்காவை லீடர் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது வேறு கம்பெனியில், மறுபடி பேக்கிங்கில் இருக்கிறார். பின்சீட்டுப் பெண் இன்றுவரை அவரிடம் பேசவில்லை. அவளுக்குப் பத்து விரலும் இருக்கிறது.