கற்பூரத் தட்டும் ஓட்டுப் பெட்டியும்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் தேவிக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். அம்மை இறங்கிவிட்டது.

வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காய வைத்த தண்ணீர். ஐந்து வயதுக் குழந்தை கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூக்கில் தண்ணீர் போகிறது என்று கத்தினாள். இரண்டு வாரமாகச் சத்தமே இல்லாமல் கிடந்தவள். அந்தக் கத்தல் காதுக்கு எப்படி இருந்தது என்று எனக்கு எழுத வரவில்லை.

இரண்டு வாரமாக இந்தப் பத்தி ஏன் வரவில்லை என்று கார்டு போட்டுக் கேட்டவர்களுக்கு இதுதான் பதில். ஆனால் முழுப் பதில் இல்லை. முழுப் பதில் வேண்டுமென்றால் நான் ஒரு பொய்ச் சத்தியம் செய்ததையும் சொல்லியாக வேண்டும்...

சொல்லிவிடுகிறேன். நேரில் என்றால் வாய் வராது. நான்கு பேர் எதிரே நின்றால் என் பெயரையே மெதுவாகத்தான் சொல்வேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் பத்திரிகையில் எழுதுகிறானே என்று சிலர் ஆச்சரியப்படுகிறார்கள். பேச வராதவன் வேறு என்னதான் செய்வான்?

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. பழைய வாசகர்களுக்குத் தெரியும். அதற்காகக் கொடி பிடித்ததில்லை, மேடை ஏறியதில்லை. மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிற வேலை எனக்கு. சுற்று சரியாக இருந்தால் மோட்டார் ஓடும், தப்பாக இருந்தால் புகையும். பூஜை போட்டு ஆரம்பித்த மோட்டார் புகைந்ததையும் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான் என் தத்துவம்.

என் மனைவி பாவாத்தாள் அப்படி இல்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் எங்களுக்குக் குழந்தை கிடையாது. ஆனைமலை அம்மனிடம் போய் வேண்டிக்கொண்டு வந்தாள். தேவி பிறந்தாள். இதில் நான் என்ன தர்க்கம் பேச முடியும்? பேசவும் இல்லை. அவள் சாமி அவளுக்கு, என் காயில் எனக்கு என்று வீடு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

எலெக்‌ஷன் வரும் வரை.

எங்கள் வார்டுக்கு நகராட்சித் தேர்தல். நின்றவர் யார் தெரியுமா? பதினெட்டு வருஷமாக நான் வேலை பார்க்கும் மோட்டார் பட்டறையின் முதலாளி. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன் — பேரை மட்டும் போடாதே என்றார். நல்ல மனிதர். வேலைக்காரன் வீட்டில் ஒரு சாவு என்றால் முதல் ஆளாக வந்து நிற்பார். எதிர்த்து நின்றவர் ஒரு ரிடையர்டு வாத்தியார். எங்கள் தெருவுக்குக் குழாய் கேட்டு நகராட்சி ஆபீஸுக்கு நடையாய் நடந்தவர். அவர் நடந்திராவிட்டால் இன்றைக்கும் பாவாத்தாள் அரை மைல் போய்த்தான் குடம் தூக்கிக்கொண்டிருப்பாள்.

வாத்தியார் பக்கம் ஆள் சேர்கிறது என்று தெரிந்ததும் முதலாளிக்கு யாரோ ஒரு யோசனை சொல்லிவிட்டார்கள்.

ஒரு நாள் காலையில் தெருவில் பம்பைச் சத்தம். மாரியம்மன் கோயில் பூசாரி ஆறுமுகப் பண்டாரம் முன்னால் வருகிறார். கையில் தட்டு, தட்டில் கற்பூரம் எரிகிறது. பின்னால் முதலாளி கைகூப்பியபடி வருகிறார். வீட்டுக்கு வீடு நின்று, ஓட்டு எனக்குத்தான் என்று ஆத்தா சாட்சியாக அணைத்துக் கொடுங்கள் என்று கேட்கிறார். எரிகிற கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அணைத்தால் சத்தியம் செய்ததாக அர்த்தம். மீறினால் ஆத்தாள் சும்மா விடமாட்டாள். எங்கள் பக்கத்தில் வரப்புத் தகராறு, சொத்துத் தகராறு எல்லாம்கூட இப்படித் தீர்ந்ததுண்டு.

என் வாசலுக்கும் தட்டு வந்தது.

சாமி இல்லை என்கிறவன் என்ன செய்திருக்க வேண்டும்? “இதெல்லாம் வேண்டாமுங்க மொதலாளி” என்று நாலு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். முதலாளி என்னைப் பார்த்தார். தெருவே என்னைப் பார்த்தது. பாவாத்தாள் கும்பிட்டபடி பக்கத்தில் நின்றாள். என் காது இரண்டும் சூடாகிவிட்டன... கையை வைத்து அணைத்துவிட்டேன்.

கொள்கையைக் கூச்சம் தின்றுவிட்டது.

உள்ளே வந்து எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நம்புகிறவனுக்குத்தானே சத்தியம்? எனக்கு அது வெறும் கற்பூரம்தானே?

ஓட்டுப் போடும் நாள் வந்தது. பூத்துக்குள் தடுப்புக்குப் பின்னால் தன்னந்தனியாக நின்றேன். யாரும் பார்க்கவில்லை. கூச்சக்காரர்களுக்கென்றே செய்து வைத்த இடம் உலகத்தில் அது ஒன்றுதான். அந்தத் தடுப்பை முதன்முதலில் வைத்தவர் யாரோ, நன்றாக இருக்கட்டும். வாத்தியாருக்கு முத்திரையைக் குத்திவிட்டு வந்தேன். வந்தவன் சும்மா இருந்தேனா? மத்தியானம் சாப்பிடும்போது அதைப் பெருமையாகப் பாவாத்தாளிடம் சொன்னேன்.

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த கரண்டி அப்படியே நின்றது.

முதலாளி தோற்றுப்போனார். கற்பூரத்தை அணைத்த கைகள் எல்லாம் சொன்னபடி முத்திரை குத்தியிருந்தால் அவர் தோற்க வழியே கிடையாது. அது அவருக்கும் தெரியும். ஆத்தாளையே ஏமாற்றினவன் என்னை ஏமாற்ற மாட்டானா, அவன் யாரென்று தெரிந்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவேன் என்று மேஸ்திரியிடம் சொன்னாராம். நான் தலையைக் குனிந்துகொண்டு காயிலைச் சுற்றினேன்.

அவர் தோற்ற ஐந்தாவது நாள் தேவிக்குக் காய்ச்சல். மறுநாள் முதுகில் நாலைந்து முத்து.

என்னைப் பொறுத்தவரை அது சின்னம்மை. பக்கத்துத் தெருவில் ஏற்கெனவே இரண்டு வீட்டில் இருந்தது. பாவாத்தாளுக்கு? சத்தியம் தவறிய வீட்டை ஆத்தாள் தேடி வந்திருக்கிறாள். வேறு எப்படி நினைப்பாள்!

முத்துப் போட்ட மூன்றாம் நாள் குழந்தைக்கு இருமல் கண்டது. மூச்சு விடும்போது நெஞ்சு கொறகொறவென்றது. டாக்டரைக் கூட்டி வரச் செருப்பை மாட்டினேன். பாவாத்தாள் வேப்பிலைக் கொத்து செருகிய வாசற்படியில் வந்து குறுக்கே நின்றாள்.

“ஏனுங்க, டாக்டரு அப்பறம் வரட்டுமுங்க. நீங்க மொதல்ல மொதலாளிகிட்டப் போயி, சத்தியத்த மீறிப்போட்டேன்னு ஒத்துக்கிட்டு வாங்க. ஆத்தா கோவம் தணியாம எந்த ஊசியும் கேக்காதுங்க.”

“வேலை போயிருமே, பாவா.”

“போனாப் போகட்டுமுங்க. புள்ள போயிட்டா?”

கிருமி என்று சொன்னேன். பரவுகிற நோய் என்று சொன்னேன். நான் பேசுவது எனக்கே அபத்தமாக இருந்தது. அவளுடைய தெய்வத்தின் முன்னால் நின்று, விளையாட்டுச் சாமான் மாதிரி அதைத் தொட்டுவிட்டு வந்தவன் நான்தானே? எனக்கு வெறும் கற்பூரம் என்றேன். சரி... அவளுக்கு?

முதலாளியிடம் போயிருக்கலாம். வேலை போவதைவிட, அவர் முகத்துக்கு நேரே நின்று சொல்ல வேண்டுமே என்பதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. குழந்தைக்கு நெஞ்சு இழுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு தகப்பனுக்கு இப்படியும் ஒரு கூச்சம் இருக்குமா? இருந்தது. வெட்கமாக இருக்கிறது, எழுதுகிறேன்.

கால் தானாக மாரியம்மன் கோயிலுக்குப் போனது. பண்டாரம் வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தியம் செல்லாது என்று என் வீட்டுக்கு வந்து ஒரு பொய் சொல்ல வேண்டும், அப்போதுதான் டாக்டரை உள்ளே விடுவாள் என்று திக்கித் திக்கிச் சொல்லி முடித்தேன்.

அவர் சீமாறைச் சுவரில் சாத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த வாரம் முழுக்க வீடு வீடாகப் பெண்கள் வந்து மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துப் பரிகாரம் கேட்டுப் போயிருக்கிறார்கள். நான் ஒருவன் மட்டும் இல்லை என்று தெரிந்தது.

“ஒரு தெருவையே பொய்ச் சத்தியம் பண்ண வெச்சுப்போட்டனுங்க” என்றார். “அணைச்சவங்க பேர்ல என்னங்க தப்பு இருக்குது? தட்டத் தூக்குனவன் நானு.”

ஏன் தூக்கினார் என்றும் அவரே சொன்னார். கோயில் ஓடு உடைந்து, மழை பெய்தால் அம்மன் தலையிலேயே ஒழுகுகிறதாம். ஜெயித்தால் ஓடு மாற்றித் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். ஆத்தாள் நனையக் கூடாது என்று ஆத்தாளையே தெருவில் இறக்கிவிட்டேன் என்றார்.

பொய் சொல்லத் தேவையில்லை, வாருங்கள் என்று சொல்லிவிட்டுத் தீர்த்தச் சொம்பை எடுத்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தெருவில் நடந்து வந்ததைப் பார்த்து, காயில்காரன் திருந்திவிட்டான் என்று ஒருவர் சத்தமாகவே சொன்னார். திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தவர் நேராகப் பாவாத்தாள் எதிரே போய் நின்றார்.

“அம்மணி, ஆத்தா நம்மூட்டுக்கு விருந்தாளியா வந்திருக்கறா. புள்ளயப் பாத்துட்டுப் போக வந்திருக்கறா. ஓட்டு எண்ணறதுக்கா வருவா?”

“சத்தியம் பண்ணுனது பண்ணுனதுதானுங்களே” என்றாள் பாவாத்தாள்.

“அத ஆத்தா கேக்கலீங்க அம்மணி. மொதலாளி கேட்டாரு. தட்டு வெளிய வாரதுக்கு முன்னால பூப்போட்டு ஆத்தாகிட்ட உத்தரவு கேக்கோணும். நான் கேக்கல. கேட்டாக் குடுக்க மாட்டாள்னு எனக்குத் தெரியும், அதான் கேக்கல. அந்தப் பாவம் என்னுது. கொடுமுடிக்கு நடந்து போயி காவேரித் தீர்த்தம் கொண்டாந்து நான் கழிச்சுக்கறேன். உங்கூட்டுக்காரரு பேர்ல ஒண்ணுமில்லீங்க.”

அப்புறம், டாக்டர் வரட்டும், வேப்பிலை ஒரு பக்கம் ஊசி ஒரு பக்கம் இருந்தால் ஆத்தாள் கோவிக்க மாட்டாள் என்று சாவதானமாகச் சொல்லிக் குழந்தை நெற்றியில் தீர்த்தம் தெளித்தார்.

பாவாத்தாள் அழுதாள். அழுதுகொண்டே வாசற்படியை விட்டு நகர்ந்தாள்.

அரை மணியில் டாக்டர் வந்துவிட்டார். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, நாளைக்கு என்றால் கஷ்டம் என்றார். ஊசி போட்டார். அன்றிலிருந்து தினமும் வந்து பார்த்தார். வேப்பிலைக் கொத்தைக் கையால் ஒதுக்காமல் தலையைக் குனிந்து நுழைவார். அந்தக் குனிவுக்கும் சேர்த்து அவருக்கு நன்றி.

பண்டாரம் சொன்னபடி செய்தார். போக நாலு நாள், வர நாலு நாள். வெறுங்கால். இத்தனைக்கும் எனக்கு அவர் கும்பிடுகிற சாமி இருக்கிறதா இல்லையா என்பதில் இன்றைக்கும் அதே அபிப்பிராயம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சாமியை ஓட்டுக்கு இழுத்தவர்கள் நாங்கள் — ஜெயிக்க நினைத்த முதலாளி, வாய் திறக்க வெட்கப்பட்ட நான். கால் கொப்பளித்தது யாருக்கு? நிஜமாக நம்பினவருக்கு! அரசியலுக்குள் சாமி வந்தால் அடி வாங்குவது எப்போதும் பக்தன்தான்.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. ஓட்டுக் கேட்க வருகிறவர் நம்மிடம் சத்தியம் வாங்குகிறார். ரோடு போடுவேன், விளக்குப் போடுவேன் என்று அவரும்தானே சொல்கிறார்? அவர் முன்னால் நாம் யாராவது ஒரு நாளாவது தட்டை நீட்டியிருக்கிறோமா?

தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாள் பட்டறைக்குப் போனேன். பாவாத்தாள் அதன் பிறகு என்னைப் போகச் சொல்லவே இல்லை. அதுதான் என்னைப் போக வைத்தது என்று நினைக்கிறேன். என் பங்குக்கும் ஒரு மனுஷன் கொடுமுடி வரை நடந்துவிட்டு வந்திருக்கிறார். முதலாளி ரூம் வரைக்கும் நான் நடக்கக் கூடாதா?

உள்ளே போய் நின்று, கற்பூரத்தை அணைத்தேன், ஓட்டை வாத்தியாருக்குப் போட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

“நீ ஒம்பதாவது ஆளு” என்றார் முதலாளி.

எனக்குப் புரியவில்லை. பண்டாரம் கொடுமுடியிலிருந்து வந்த நாள் முதல் ஒவ்வொருவராக வந்து இதையே சொல்லிவிட்டுப் போகிறார்களாம்.

“மொதல் ரெண்டு பேரு வந்தப்ப அடிச்சுத் தொரத்தலாம்னு கோவம் வந்துச்சு. அஞ்சாவது ஆளு வந்தப்பச் சிரிப்பு வந்துபோச்சு. இதக் கேளு — நம்ம லேத்து ரங்கசாமி, சாமி இல்லைன்னு சொல்லிக் கற்பூரத்துல கையே வெக்காதவன், அவன் எனக்குத்தான் போட்டானாம்.” வாசலைக் கை காட்டினார். “போ, போயி வேலையப் பாரு. புள்ள இப்ப எப்படி இருக்கறா?”

நன்றாக இருக்கிறாள் என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டினேன். அவருக்குப் புரிந்தது.

சாயங்காலம் வீட்டில் நடந்ததைச் சொன்னேன். பாவாத்தாள் குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்து, அடுத்த எலெக்‌ஷன் எப்போது என்றாள். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

“எப்ப வந்தாலுஞ் செரி. யாராச்சும் தட்டத் தூக்கிட்டு வந்தா நீங்க உள்ள போயிருங்க. ஆத்தாள எதுக்குங்க இப்படித் தெருத்தெருவா அலைய உடறீங்கன்னு நான் கேட்டுக்கறேன்.”

என் கொள்கைக்கு இனிமேல் பயமில்லை — காவலுக்கு வீட்டில் ஒரு பக்தை இருக்கிறாள்.