பத்தொன்பது நாள் ஏழு மணி நேரம்

அவளுக்கு அக்கா வைத்த பட்டம் தொடைநடுங்கி. நாற்பத்தாறு வயதிலும் அது கச்சிதமாகப் பொருந்தியது. லிஃப்டில் தனியாக ஏறமாட்டாள். மேலதிகாரி செருமினாலே செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்பாள். ஆனால் வாய்த்ததென்னவோ பயந்தவர்களுக்கென்றே இருக்கிற வேலை, சந்தேகப்படுவது. நட்சத்திரத்தின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் நடுநடுவே கருங்கோடுகள் தெரியும். அவை இம்மியளவு முன்னும் பின்னும் அசைந்தால், ஏதோ ஒரு கோள் அந்த நட்சத்திரத்தை இழுக்கிறது என்று பொருள். அசைவு நிஜமா, கருவியின் கோளாறா என்று கணக்குப் போட்டுச் சொல்லும் மென்பொருள் அவள் எழுதியதுதான். பதினான்கு வருட உழைப்பு.

மென்பொருள் தூங்கிவழிகிறதா என்று பார்க்க, அளவுகளுக்குள் பொய்யான அசைவுகளை அவளே கலந்துவிடுவாள். கண்டுபிடித்தால் சபாஷ். சோதனை முடிந்ததும் கலப்பில்லாத பிரதியை மறுபடி அதே இடத்தில் வைத்துவிட வேண்டும்.

குழுத் தலைவர் புதுக் கோள் ஒன்றை உலகத்துக்கு அறிவிக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. கூடத்தில் நாற்காலிகள் போட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பை அப்போதுதான் படித்தாள். கோள் ஒருமுறை சுற்றிவர ஆகும் காலம், பத்தொன்பது நாள் ஏழு மணி நேரம். எங்கேயோ பார்த்த எண். ஓடிப்போய்த் தன் சோதனைப் பட்டியலைத் திறந்தாள். அதே நட்சத்திரம், அதே எண். கலப்பில்லாத பிரதியை மென்பொருளில் ஓட்டிப் பார்த்தாள். அசைவே இல்லை.

வேலை போகும், சேர்த்துவைத்த பேரும் போகும். பத்து நிமிடம் உட்கார்ந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கணினியில் நாலு வரி தட்டிவிட்டு, தலைவரின் அறைக்குப் போனாள்.

"சார், அந்தக் கோள் நிஜமில்ல. சோதனைக்கு நான் கலந்தது. எடுக்க மறந்துட்டேன்."

கத்தப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவர் கத்தவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா, தண்ணி குடி" என்றார். இத்தனை வருடத்தில் அவளிடம் அவர் 'அம்மா' போட்டுப் பேசியதே இல்லை. அவளுக்கு நிஜமான பயம் அப்போதுதான் வந்தது.

"இன்னிக்கு நல்லபடியா முடியட்டும். மத்ததை மெதுவா பாத்துக்கலாம். இது வேற யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும் சார். உள்ள வர்றதுக்கு முன்னாடியே மொத்தக் குழுவுக்கும் மெயில் போட்டுட்டேன். நீங்க தன்மையா சொன்னா நான் தலையாட்டிடுவேன் சார். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."