உர்தூன் பேரில் அறுபது படி

கெமெலமாவுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? அவள் புருஷன் உர்தூன் காய்ச்சலில் போய் நாற்பது நாள் ஆகிறது. கிர்சு நகரக் கோயிலின் கிடாப்பட்டியில் அவன் பார்த்த வேலை மொத்தமும் இப்போது அவள் தலையில். அறுபது கிடாக்களுக்குத் தீனி அளந்து போட்டு, தண்ணீர் காட்டி, எரு வாரிக் கொட்ட வேண்டும். அவனுக்கு மாதக் கூலி அறுபது படி வாற்கோதுமை. அவளுக்கு முப்பது. திருவிழாவில் வெட்டப்போகிற ஒரு கிடாவுக்கே மாதம் நாற்பத்தைந்து!

படியளக்கும் நாளன்று களஞ்சிய வாசலில் சாக்கை உதறிப் போட்டாள்.

“என்ன கணக்கரய்யா இது? ரெண்டு புள்ளைங்களை வெச்சுக்கிட்டு, இதை வாங்கி நாக்கு வழிக்கவா?”

கணக்கர் லுகல்மெலம், கணக்கு கீறிக்கொண்டிருந்த களிமண் பலகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “பொம்பளைக்கு முப்பதுதான்.”

“கிடாவுக்கு மட்டும் நாப்பத்தஞ்சா?”

“அது சாமிக்குப் போறது, தாயி.”

“அப்போ நாப்பத்தஞ்சு கொடுத்துட்டு என்னையும் வெட்டிக்குங்க!”

வரிசையில் நின்ற நெசவுப் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். கணக்கர் முகம் சுண்டிப்போனது. கொடுத்தது என்னவோ முப்பதுதான்.

மறுநாள் காலை முப்பது கிடாக்களுக்குத் தீனி போட்டாள். மீதி முப்பதையும் அவிழ்த்து ஓட்டிப்போய்க் கணக்கர் வாசலில் விட்டாள்.

“முப்பது படிக்கு முப்பது கிடா. இதுங்க உங்க பொறுப்பு.”

பசியில் கத்திய கிடாக்கள், வாசலில் காயப்போட்டிருந்த களிமண் பலகைகளை மிதித்துக் கூழாக்கின. லுகல்மெலம் கையை வீசி விரட்டிப் பார்த்தார். திருவிழாவுக்கு ஆறே நாள். கிடா மெலிந்தால் அவர் தலைதான் உருளும். உள்ளே ஓடி, ஈரத்துணி சுற்றி வைத்திருந்த கூலிப் பலகையை எடுத்து வந்தார். உர்தூன் பேருக்குப் பக்கத்தில் ‘செத்தான்’ என்று இருந்ததைக் கட்டைவிரலால் தேய்த்து அழித்தார்.

“உன் புருஷன் உசிரோட இருக்கான், போதுமா? வாயைத் திறக்காம அவன் கூலியை வாங்கிக்க.”

“என் பேருல எழுதினா என்ன?”

“பொம்பளை பேருல அறுபதா? எனக்குக் கை வராது.”

பிள்ளைகளை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடாக்களைத் திருப்பி ஓட்டினாள்.

அடுத்த மாதம் களஞ்சிய வாசலில் கணக்கர் “உர்தூன்!” என்று கூப்பிட்டார். வரிசையே அவளைப் பார்த்தது. பேசிவிடாதே என்று கணக்கர் கண்ணாலேயே கெஞ்சினார். அவள் சாக்கை விரித்துப் பிடித்தாள். அறுபதாவது படி விழுந்ததும் சாக்கைக் கட்டித் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

“அவன் செத்துட்டான்யா,” என்றாள், களஞ்சியம் முழுக்கக் கேட்கும்படி. “வேலை பார்க்கிறவ கெமெலமா. அடுத்த மாசம் என் பேரைச் சொல்லிக் கூப்பிடு.”