தாழிக்குள் பூத்த உவர்

சண்டைக் காலத்தில் சீமைச் சோப்பு கிடைக்காமல் போனதைப் பற்றி எனக்கொரு கவலையும் இல்லை. என் கவலையெல்லாம் மகள்தான். கைப்பிள்ளைக்கு உடம்பெல்லாம் கரப்பான் புண். கன்னம், கழுத்து, தொடையிடுக்கு, எங்கே தொட்டாலும் நீர் கசியும். ராவெல்லாம் அழுவாள். பால்குடியும் குறைந்துபோச்சு. பார்க்க வந்தவளெல்லாம் "தேறுமா?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டாளுக. அவளுக வாயில மண்ணைப் போட!

வில்லாபுரத்து வீட்டுக் கொல்லையில் நானே சோப்புக் காய்ச்சினேன். உவர்மண்ணையும் சுண்ணாம்பையும் பானையில் ஊறப்போட்டு, தெளிந்த காரத்தண்ணியை வடித்து, புங்கெண்ணெய் விட்டுக் கொதிக்கவைக்கணும். மண் கொண்டுவந்தவள் கீழக்குயில்குடிப் பக்கத்துக் கூலிக்காரி. முதல் கூடை மண்ணில் காய்ச்சினதைத் தேய்த்ததும் புண் வாடியது. பிள்ளை தூங்கினாள், நானும் தூங்கினேன். அடுத்த கூடையில் காய்ச்சினதைத் தேய்த்தால் பழையபடி ரத்தக் களறிதான்.

எண்ணெயை மாற்றினேனா? இல்லை. சுண்ணாம்பும் அதே காளவாய்ச் சுண்ணாம்பு. பானைகூட அதே பானை. அப்போ மண்ணுதான் வேற.

"மொதக் கூடையை எங்க அள்ளுனீக அக்கா?" என்று அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம் தாயி, அந்தப் பக்கம் ஒண்ணுமில்ல" என்று மழுப்பினாள். விடுவேனா நான்?

உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தோம். சமணர் மலைக்கு அந்தப்பக்கம் கரிசலுக்கு நடுவே ஒரு மேடு, பச்சரிசி மாவைக் கொட்டின மாதிரி வெள்ளையாக. காக்கா குருவி இல்லை. மண்ணுக்கு வெளியே பெரிய பெரிய பானை விளிம்புகள் தெரிந்தன. அந்த வட்டத்துக்குள்தான் உவர் திரண்டு பூத்திருந்தது.

"இது தாழி, தாயி. சாகாம இழுத்துக்கிட்டுக் கெடந்த கெழடுகள உக்காரவச்சு மூடுனது. உவரு கெட்டியா இருக்கேன்னு ஆசப்பட்டு உள்ளார கைய விட்டுட்டேன். அன்னையிலேருந்து என் முதுகுக்குப் பின்னாடி யாரோ மூச்சு விடுறாக."

"கெழடுகதானே! பேத்தி மேலுக்குத் தேய்க்கன்னு கேட்டா மாட்டேன்னா சொல்லும்?" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்து கையை விட்டேன். வெளியே அம்புட்டு வெயில். உள்ளே கை சில்லிட்டது. துழாவினதில் விரலில் ஏதோ மாட்டியது. சங்கு வளையல். என் ரெண்டு விரலுக்கு மேல் நுழையவில்லை.

எனக்குச் சிரிப்பு நின்றுபோச்சு.

"மூடிரு தாயி. நீ பச்சப்புள்ளக்காரி. வா, போயிருவோம்" என்று அவள் என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

எழுந்திருக்க முடியவில்லை. எவளோ ஒருத்தி, இம்புட்டுப் பெரிய பானைக்குள் இத்துனூண்டு பிள்ளையை விட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்திருக்கிறாள். எனக்கும் அந்த நடை வாய்த்துவிடுமோ?

"ஆத்தா, நீ யாரோ எவரோ. கோவிச்சுக்காத. எம்பிள்ளை பொழைக்கணும்" என்று வாய்விட்டே சொன்னேன். வளையலை இருந்த இடத்திலேயே வைத்தேன். கூடை நிறைய அள்ளினேன்.

அந்த மண்ணில் காய்ச்சின சோப்பு ஆறி இறுகினதும், கொல்லையில் காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினேன். தண்ணி பட்டாலே வீறிடுகிறவள் அன்றைக்குக் கம்மென்று கிடந்தாள். நுரை வழிய வழிய என் காலில் கனம் ஏறியது. நோஞ்சான் பிள்ளை, அவளுக்கு ஏது அம்புட்டுக் கனம்? குனிந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை.

கண்ணை மூடிக்கொண்டு, அந்த வளையல் பிள்ளைக்கும் ஒரு சொம்பு ஊற்றினேன்.