நாலு சுற்று மாத்திரை

கூத்தாநல்லூரில் எங்கள் தெருவே ஒரு குழந்தையைப் பாராட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ரஹீமாவின் மகன், ஏழு வாரம். அழுவதே இல்லை... 'சமத்துப் பிள்ளை' என்று பட்டமே கொடுத்துவிட்டார்கள். கல்லூரியில் முப்பது வருடம் விலங்கியல் நடத்திய நானும் கன்னத்தைக் கிள்ளிவிட்டு வந்தவன்தான்.

குவைத்தில் இருக்கும் குழந்தையின் அப்பாவுக்கு, அவர்கள் வழக்கில் அத்தாவுக்கு, மட்டும் குறை. வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்து, பிள்ளையின் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்பார். ரிசீவரைக் குழந்தையிடம் வைத்தால் — மௌனம்.

தஞ்சாவூர் டாக்டர்தான் ரத்தம் எடுத்துப் பார்த்து, தைராய்டு போதவில்லை என்று தினம் ஒரு மாத்திரை எழுதினார். மூன்று வாரமாகியும் அதே தூக்கம்.

"மருந்து ஒழுங்கா குடுக்குறியாம்மா?" என்று கேட்டேன்.

"ஒரு நாளும் தப்புனதில்ல சார். இந்தா பாருங்க."

வசம்பும் ஜாதிக்காயும் உரைக்கும் கல்லை எடுத்து வந்தாள். தாய்ப்பால் விட்டு, மாத்திரையை அதில் நாலு சுற்று உரைத்தாள். மிச்சத்தைப் பத்திரமாகச் சிமிழில் போட்டாள்.

"முழுசாக் குடுத்தா பச்சப்புள்ளைக்குச் சூடு தாங்குமா சார்?"

என் கண்முன் கல்லூரி ஆய்வகத்து இரண்டு கண்ணாடித் தொட்டிகள் மிதந்தன. குறுவை வயலில் பிடித்த தலைப்பிரட்டைகள். ஒரு தொட்டியில் தைராய்டு ஹார்மோன் — சில நாளில் கால் முளைக்கும், வால் கரையும், குடல் சுருங்கும். மற்றதில் சுரப்பியை முடக்கும் மருந்து. அங்கே உடம்பு பெருக்கும், கால் வராது. மதிய வெயில் இறங்கிய பச்சைத் தண்ணீரில், கரை என்று ஒன்று இருப்பதே தெரியாமல் அவை நீந்திக்கொண்டிருக்கும்... பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

எலிக்குட்டியிலும் பார்த்திருக்கிறேன். சுரப்பி இல்லையென்றால் எலும்பு நீளாது. பிறகு ஹார்மோன் கொடுத்தால் எலும்பு ஓரளவு எட்டிப் பிடிக்கும். மூளை அப்படிக் காத்திருக்காது.

"கிளம்பும்மா. டாக்டர்ட்ட போயிட்டு வந்துருவோம். இது ஜாதிக்காய் இல்ல."

பஸ்ஸில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நானே கெடுத்துட்டேனா சார்?"

எல்லாவற்றுக்கும் செயல்முறை தெரிந்தவன் நான். வெண்ணாற்றைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

டாக்டர் கோபப்படவில்லை. முழு மாத்திரையையும் ஸ்பூனில் நசுக்கிக் கொடுத்துக் காட்டினார். "இன்னும் நேரம் இருக்கு. இனிமே விட்டுறாதீங்க."

போன வெள்ளிக்கிழமை சுவர் தாண்டி ஒரு வீறிடல். எட்டிப் பார்த்தேன். ரஹீமா ரிசீவரைப் பிள்ளையின் வாயருகே பிடித்திருந்தாள்.

"அழுவுறாங்க சார்."

"யாரு, மகனா?"

"அத்தாவும்தான்."

இப்போதெல்லாம் சமத்துப் பிள்ளை என்று யாராவது சொன்னால், அழுமா என்றுதான் முதலில் கேட்கிறேன்.