மயில்துத்த ஜாடிகள்

எழுபதுகளின் தொடக்கத்தில், கல்யாணமான புதிதில், கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவர் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர். முன்னறையில் உட்கார ஒரு பெஞ்சுதான் உண்டு. மீதி இடமெல்லாம் அவருடைய கண்ணாடித் தொட்டிக்கு. கோவளத்திலிருந்து கேன் கேனாகக் கடல்தண்ணீர் வரும். அதில் வண்ணத்துப்பூச்சி மீன்கள், கோமாளி மீன்கள், பூப்போல விரியும் கடல் சாமந்தி என்கிற உயிரி ஒன்று.

அந்தக் கோடையில் மீன்கள்மேல் உப்பைத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள் வந்தன. சில நாளில் உதிர்ந்துவிட்டன என்று நான் சந்தோஷப்பட்டேன்.

"போகல. அது ஒட்டுப்பூச்சி. கீழ மணல்ல விழுந்து பெருகுது. திரும்ப வரும்," என்றார் அவர்.

வந்தது, முன்னைவிட அதிகமாக. மீன்கள் மூச்சு வாங்கிக்கொண்டு கல்லில் உடம்பைத் தேய்த்தன. இரண்டு செத்து மிதந்தன.

இதற்கு மருந்து மயில்துத்தம் என்கிற நீல உப்பு. அதைத் தொட்டியில் போட்டால் கடல் சாமந்தி செத்துவிடும். அதனால் மீன்களை மட்டும் பிடித்துப் பெரிய கண்ணாடி ஜாடிகளில் விட்டு, கரைத்த துத்தத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். கூடினால் மீன் சாகும். குறைந்தால் பூச்சி பிழைத்துக்கொள்ளும். தொட்டியோ வாரக்கணக்கில் மீனில்லாமல் கிடக்க வேண்டும். ஒட்டிக்கொள்ள உடம்பு கிடைக்காமல் அதிலிருக்கும் பூச்சி அழிந்துபோகும். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, மாணவர்களை அழைத்துக்கொண்டு மண்டபம் கடற்கரைக்குக் கிளம்பிவிட்டார்.

ஜாடிகள் சமையலறையில் இருந்தன. காலையில் தண்ணீர் மாற்றி, மருந்தை அளந்து விடுவேன். குழாய் வழியாக ஜாடிகளுக்குள் காற்று விடும் மோட்டார் ஓயக் கூடாது. மின்சாரமோ போய்ப் போய் வரும். போனதும் சைக்கிள் பம்பைக் குழாயில் மாட்டி அடிப்பேன். நிறுத்தினால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். கடைக்குப் போனால் ஓடி வருவேன். குளிக்கும்போதும் காது மோட்டார் சத்தத்திலேயே இருக்கும். தூரத்தில் மின்சார ரயில் ஊதும்போது, யாரோ எங்கேயோ போகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

பம்மலிலிருந்து அக்கா அழைக்க வந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் மகளுக்கு மாதா கோயிலில் புதுநன்மை, முதல்முறை நற்கருணை வாங்கும் நாள். நான் அந்தப் பெண்ணுக்கு ஞானத்தாய், கூட நிற்க வேண்டியவள். அக்கா வந்த நேரம் பம்பு அடித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாடி, மீனுக்குக் காவலா கீற?"

"வுட்டா செத்துடும்க்கா. என்னால வர முடியாது."

"நீ அவருக்குப் பயப்படுறியா, இதுங்களுக்குப் பாவப்படுறியா?"

அடித்தபடியே பம்பைப் பார்த்தேன். டயருக்குள் அடிக்கிற காற்று அங்கேயே தங்குகிறது; ஜாடியில்தான் தங்குவதில்லை.

"அக்கா, மாமா லாரில பழைய டியூப் எதுனா இருக்குமா?"

அக்கா வீட்டுக்காரர் தோல் கிடங்கில் லாரி ஓட்டினார். சனிக்கிழமை காற்றடைத்த டியூப் ஒன்றைத் தெருவில் உருட்டிக்கொண்டே வந்தார். அதன் வாயில் ரப்பர் குழாயைச் செருகி, மறுமுனையை ஜாடிகளுக்குப் போகும் குழாயில் மாட்டி, கிளிப்பால் நெருக்கினேன். குமிழிகள் மெதுவாக வந்தன. பகல் முழுக்க நிற்கவில்லை.

ஞாயிறு கோயிலுக்குப் போனேன். வெள்ளை கவுன் போட்ட குழந்தையின் தோளில் கை வைத்து நின்றேன். சாமியார் பேசியது ஒன்றும் காதில் விழவில்லை. கிளிப் நழுவியிருக்குமோ? விருந்தில் ஒரு வாய் எடுத்ததும் எழுந்துவிட்டேன். அக்கா திட்டவில்லை, பிரியாணியை இலையில் கட்டிக் கொடுத்தாள்.

"போ. இங்க ஒக்காந்தாலும் நீ அங்கதான் கீற."

வீட்டில் டியூப் பாதி சுருங்கியிருந்தது. மீன்களெல்லாம் உயிரோடு இருந்தன. ஜாடிகளுக்கு முன்னால் உட்கார்ந்து அந்தப் பிரியாணியை அழுதுகொண்டே தின்றேன்.

அவர் திரும்பியபோது மீன்களின் உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை. "காப்பாத்திட்டியே!" என்று குதித்தார். கையில் ஒரு கேன். அதற்குள் புதிதாக இரண்டு மீன்கள். "இதுங்களையும் கொஞ்ச நாள் தனி ஜாடில வச்சுப் பாக்கணும்," என்றார்.

"ஆமா. தண்ணி காலையில மாத்துங்க. டியூப் அந்த மூலையில இருக்கு. நான் பம்மல் போறேன்."

"எப்ப வருவே?"

"தெரியல."

அக்கா வீட்டில் முதலில் தூங்கினேன், விடிவதும் தெரியாமல். பிறகு குழந்தைகளோடு சினிமாவுக்குப் போனேன். ஒரு வாரத்துக்கு மேல் கழித்து அவர் வந்தார். சட்டைக் கையில் நீலக் கறை, முகத்தில் சவரமில்லை.

"மீனெல்லாம் நல்லா இருக்கு," என்றார்.

"நீங்க?"

"வெளிய எங்கயும் போக முடியல." குறையாகச் சொல்லவில்லை, அப்போதுதான் கண்டுபிடித்ததுபோலச் சொன்னார்.

உட்காரச் சொல்லிச் சோறு போட்டேன். நான் அன்று அவரோடு கிளம்பவில்லை.